ரூட் ஆன பிறகும் யூசர்மாட் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது, ஏன்?

கேள்வி:
டெபியன் 12 (லினக்ஸ் வகை) சர்வர். சாதாரண யூசராக லாகின் செய்து, எஸ்யூ (வேறு யூசராக மாறும் கட்டளை) அடித்து ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கொடுக்கிறேன். ஹூஆம்ஐ கேட்டால் ரூட் என்றே வருகிறது. ஆனால் யூசர்மாட் (யூசர் கணக்கின் அமைப்புகளை மாற்றும் கட்டளை) அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. /யுஎஸ்ஆர்/எஸ்பின்/யூசர்மாட் என்று முழுப் பாதையும் கொடுத்தால் ஓடுகிறது. இன்னொன்று: ரூட் பாஸ்வேர்டைச் சொல்லாமலே இரண்டு பேருக்கு நிர்வாக உரிமை கொடுக்க வேண்டும். எப்படி?

பதில் 1:
ஹைஃபன் விட்டுப்போயிருக்கிறது. ஓர் இடைவெளி விட்டு 'எஸ்யூ -' என்று அடியுங்கள். வெறும் எஸ்யூ ஆளை மாற்றும், பழைய யூசரின் பாத் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) மதிப்பை மாற்றாது. அதில் /யுஎஸ்ஆர்/எஸ்பின் இல்லை. யூசர்மாட் இருப்பதோ அங்கேதான். ஹைஃபன் போட்டால் லாகின் ஷெல் (நேரடியாக லாகின் செய்தது போன்ற கட்டளைச் சூழல்) திறக்கும்: பாத் புதிதாக அமையும், ரூட்டின் ஹோம் டைரக்டரிக்கே போய் நிற்பீர்கள்.

டெபியன் 9 வரை வெறும் எஸ்யூவே பாத்தை மாற்றிக் கொடுத்தது. 10-இல் எஸ்யூ, ஷேடோ தொகுப்பிலிருந்து யூடில்-லினக்ஸுக்கு மாறியதும் அது நின்றது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' அடித்துத் திரும்புங்கள். ரூட்டிலிருந்து 'எஸ்யூ' போட்டுப் பழைய யூசருக்குப் போகவே கூடாது. அடியில் ரூட் ஷெல் திறந்தே கிடக்கும். அந்தத் திரையில் யார் எக்ஸிட் அடித்தாலும் ரூட் ஆகிவிடுவார்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு சூடூ (ரூட் உரிமையோடு கட்டளை ஓட்ட விடும் கருவி) போதும். நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டு வைத்திருந்தால் டெபியன் உங்கள் யூசரை சூடூ குழுவில் சேர்த்திருக்காது. ரூட்டாக 'ஆப்ட் இன்ஸ்டால் சூடூ', பிறகு 'யூசர்மாட் -ஏஜி சூடூ' என்று அடித்துக் கடைசியில் யூசர் பெயர். ஜி பெரிய எழுத்து. அந்த 'ஏ'வை மறந்தால் அவர் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குழுக்கள் எல்லாம் போய்விடும், கவனம்.

சேர்த்த உடனே பலிக்காது. அவர் வெளியேறி மறுபடி லாகின் செய்தால்தான் 'ஐடி' கட்டளையில் சூடூ தெரியும். அதன்பின் 'சூடூ -ஐ' (சிறிய எழுத்து) ரூட்டின் லாகின் ஷெல்லைத் தரும். கேட்பது அவரவர் பாஸ்வேர்டைத்தான். சூடூயர்ஸ் கோப்பை (சூடூ உரிமை யாருக்கு என்ற விதிகள் இருப்பது) தொட வேண்டியிருந்தால் விசூடூ கட்டளை வழியாக மட்டும் திறங்கள். இலக்கணப் பிழை இருந்தால் சேமிக்கும்போதே சொல்லிவிடும்.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. வெப் சர்வரின் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா கணக்குக்கு 'எஸ்யூ -' போட்டால் 'திஸ் அக்கவுண்ட் இஸ் கரண்ட்லி நாட் அவெய்லபிள்' என்கிறதே?

பதில் 2:
அந்தக் கணக்கின் ஷெல் நோலாகின் (லாகினை மறுத்துவிடும் நிரல்). வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பது, மாற்றாதீர்கள். 'சூடூ -யூ' போட்டு, கணக்கின் பெயர், அடுத்து ஓட்ட வேண்டிய கட்டளை. ஆனால் அதன் முடிவில் '>' போட்டுக் கோப்பில் எழுதினால், எழுதுவது உங்கள் ஷெல், அந்தக் கணக்கு அல்ல. 'பெர்மிஷன் டினைட்' வரும். பைப் ('|' குறி) போட்டு 'சூடூ -யூ' வழியே டீ கட்டளைக்கு (வருவதைக் கோப்பில் எழுதுவது) அனுப்புங்கள்.