எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு நினைவு தடுமாறுகிறது: ஹெர்ப்பிஸ் வைரஸ் காரணமாக இருக்குமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்):
வணக்கம். இரத்தப் புற்றுநோய்க்காக என் அக்காவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்து இது மூன்றாவது வாரம். இரண்டு நாட்களாக அவருக்கு உறக்கமே இல்லை, கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை என் கையில் கொடுத்த பிறகும், "கஞ்சி இன்னும் வரவில்லையா?" என்று கேட்கிறார். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனாலும் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம், முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அம்மா மிகவும் அஞ்சுகிறார். சம்மதிக்கலாமா?

மறுமொழி 1 (ஜோகன்னஸ்பர்க், ஓய்வுபெற்ற செவிலியர்):
தம்பி, தாமதிக்காமல் சம்மதியுங்கள். ஹெர்ப்பிஸ் குடும்பத்தில் ஆறாம் வகை என்று ஒன்று உண்டு. பெரும்பாலோருக்கு இரண்டு வயதுக்குள் தொற்றி, பிறகு ஆயுள் முழுவதும் உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ், புது மஜ்ஜை வேரூன்றி எதிர்ப்பாற்றல் தலையெடுப்பதற்கு முன், பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள், மீண்டும் கிளம்பி, புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தாக்கும். பழைய சங்கதிகள் நினைவிருக்க, சற்றுமுன் குடித்த கஞ்சி மறந்துபோவது அதனால் இருக்கலாம். வலிப்பு வரலாம், இரத்தத்தில் சோடியமும் குறையலாம். தொடக்க நாட்களில் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. ஆகவே தண்டுவட நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை அவசியம். எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தே மருந்து அமையும். உதட்டுக் கொப்புளம் தரும் வகை மூளைக்குச் சென்றால் அசைக்ளோவிர் மருந்துக்குக் கட்டுப்படும். ஆறாம் வகைக்கு அது போதாது, கான்சைக்ளோவிர் அல்லது ஃபாஸ்கார்நெட் வேண்டும். முன்னது புது மஜ்ஜையை ஒடுக்கும், பின்னது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முடிவு வருமுன்பே மருந்தைத் தொடங்கினால் தடுக்காதீர்கள். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தால், அவற்றை ஏற்றிய பிறகே ஊசி போடுவது வழக்கம்.

மறுமொழி 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
நம் நாட்டில் காசநோய் மூளைக்காய்ச்சலும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்றும் மிகுதி. அதே நீரில் அவற்றையும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். புது மஜ்ஜை உடலைத் தாக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையே சிலருக்கு மூளையில் வீக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும். அதற்காக வீட்டார் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது. இன்னொன்று: ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்த ஆறாம் வகை வைரஸ் பிறவியிலேயே மரபணுவோடு கலந்திருக்கும். அக்காவுக்கோ மஜ்ஜை கொடுத்தவருக்கோ அப்படி இருந்தால், நோய் இல்லாமலே சோதனை வைரஸ் இருப்பதாகக் காட்டக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அம்மா, நன்றி, ஐயா. சோடியம் குறைந்திருப்பதாக இன்று காலையே சொன்னார்கள். மஜ்ஜை கொடுத்தவன் நான்தான். என் இரத்தத்தையும் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கிறேன். நீர் எடுக்க அம்மாவும் ஒப்புக்கொண்டார்.