லயத்துக்கு மேலே நிலக்கரிச் சாம்பல்: மனுவில் என்ன கேட்பது?

தோட்டத்து இளைஞர்:
இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் ஒரு தொழிற்சாலை கொதிகலனில் நிலக்கரி எரிக்கிறது. சாம்பலை லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள பள்ளத்தில் லொறியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். குடிநீர்ப் பீலிக்குத் (குழாய்க்குத்) தண்ணீர் வரும் ஊற்று அதற்குக் கீழேதான். மழை பெய்தால் வடிகானெல்லாம் சாம்பல். ஊரில் கையெழுத்துச் சேர்க்கிறோம். "சாம்பலை அகற்று" என்று எழுதினால் போதுமா? யாருக்கு அனுப்புவது?

மண்ணியல்:
போதாது தம்பி. அகற்றச் சொன்னால் அடுத்த பள்ளத்தில் கொட்டுவார்கள், அங்கேயும் ஒரு லயம் இருக்கும். தண்ணீரை வைத்துக் கேளுங்கள். வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் 1966 ஒக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் பிள்ளைகள். அந்த மேட்டை ஊற்றின் மேலேயே குவித்திருந்தார்கள். அடியில் நீர் ஊறிய குவியல், மேலே மழை: 2014 மண்சரிவில் லயங்கள் புதைந்த மீரியபெத்தையைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எனவே மனுவின் முதல் கோரிக்கை, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் சரிவை நேரில் வந்து பார்த்து, எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்பதாக இருக்கட்டும். அறிக்கை வரும்வரை கொட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். குவியலில் வெடிப்பு, அடிவாரத்தில் புதிதாகக் கசியும் நீர், சாய்ந்த மரம் தெரிந்தால் தேதியோடு படம் எடுத்து இணையுங்கள். மழை நேரத்தில் அப்படித் தெரிந்தால் மனு இருக்கட்டும், கீழ் லயத்து ஆட்களை உடனே வெளியேற்றுங்கள்.

நீர்ப் பரிசோதனை:
குவியலுக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி, பீலியில் ஒன்று. மேல் மாதிரி இல்லாவிட்டால் "இந்த மலைத் தண்ணீரே இப்படித்தான்" என்று தட்டிக் கழிப்பார்கள். போத்தலை ஆய்வுகூடத்திடமே வாங்குங்கள். உலோகம் பார்க்கும் மாதிரிக்கு நைத்திரிக் அமிலம் சேர்க்க வேண்டும், அதை அவர்கள் செய்யட்டும். போரோன் பார்க்கக் கண்ணாடிப் போத்தல் கூடாது, கண்ணாடியிலிருந்தே போரோன் கரையலாம். போரோன், சல்பேற்று, ஆசனிக், செலெனியம், ஈயம் கேளுங்கள். சாம்பல் நீர் கலந்தால் முதலில் காட்டிக்கொடுப்பவை போரோனும் சல்பேற்றும். குடிநீரில் ஆசனிக்குக்கு உலக சுகாதார நிறுவன வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். வெயில் காலத்தில் ஒருமுறை, பெருமழைக்குப் பின் ஒருமுறை எடுக்க வேண்டும்.

கடிதம் எழுதுபவர்:
மனு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு. பிரதி பிரதேச சபை, பிரதேச செயலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் அதன் நிபந்தனைகளையும் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சாம்பலை எங்கே போட அனுமதி என்பது கையில் வந்தால், மனுவுக்குப் பலமே வேறு.

தோட்டத்து இளைஞர்:
நன்றி. சாம்பலுக்கு அடியில் பொலித்தீன் விரித்துத் தருவதாக ஆலைக்காரர் பேசுகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

மண்ணியல்:
அந்த இடத்தில் வேண்டாம். அமெரிக்காவின் 2015 விதிப்படி புதிய சாம்பல் கிடங்குக்கு அடியில் தடித்த விரிப்பும், அதன்கீழ் நீர் எளிதில் ஊடுருவாதபடி இறுக்கிய 2 அடி மண்ணும் வேண்டும். கிடங்கின் அடித்தளம் நிலத்தடி நீருக்குக் குறைந்தது 5 அடி மேலே இருக்க வேண்டும். ஊற்றுள்ள பள்ளத்தில் அது நடக்காது. கீழிருந்து வரும் நீர் விரிப்பைத் தூக்கும், பொருத்து கிழியும், விரிப்பின் மேலேயே குவியல் வழுக்கும். ஊற்றில்லாத சமதரை, சுற்றிக் கான், மேலே மூடி, கசிவுநீருக்குத் தனித் தொட்டி: இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள்.