அந்த டாக்ஸிக் கதவு: ‘இஃப் ஒன்லி’ பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வளவுக்காரி, கானாடுகாத்தான்

கதை எல்லாருக்கும் தெரியும். 2004-இல் வந்த ஆங்கிலப் படம். லண்டன், காதலன் இயன், காதலி சமந்தா, விபத்தில் போய்விட்ட அவள் மறுநாள் காலையில் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள், அதே நாள் இன்னொரு தடவை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எல்லாரும் அழுகிற கடைசிக் காட்சியில் எனக்கு அழுகை வரவில்லை. முதல் நாள் ராத்திரி ஒரு இடம் வருமே, சாப்பிடப் போன இடத்தில் சண்டை, அவள் கோபமாக டாக்ஸியில் ஏறிவிட்டாள், அவன் வெளியே நிற்கிறான், ஏறவில்லை, வண்டி போய்விடுகிறது, விபத்து அந்த வண்டிக்குத்தான். அந்தக் கதவு இன்னும் என்னை விடவில்லை.

2016-இல் காரைக்குடி ஹாஸ்டலில் ஒரு லேப்டாப்பை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அதற்கு முந்தின வருடம் ஒருத்தனைப் பல்லவனில் ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இன்னும் விடியவில்லை. முதல் நாள் ராத்திரி சண்டை. எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள், நான் அனுப்பிய நீளமான மெசேஜுக்கு ‘ம்’ என்று பதில் போட்டான். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு டப்பா நிறைய சீப்புச் சீடை, அம்மா விரலில் சுற்றிச் சுற்றிச் செய்தது. அவன் பெட்டியின் வாசலில் நின்றுகொண்டு, “சும்மா ஏறு, திருச்சி வரைக்கும் வந்துட்டு அடுத்த வண்டியில திரும்பிடலாம்” என்றான். நான் மணி பார்க்கிற மாதிரி போனைப் பார்த்தேன். டப்பா என்னோடேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அவன் நன்றாகத்தான் இருக்கிறான். சிங்கப்பூர், மனைவி, ஒரு பையன். யாரும் சாகவில்லை. அந்த நாள் திரும்பக் கிடைத்தாலும் நான் ரயிலில் ஏறியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. டப்பாவைக் கொடுத்திருப்பேன். உங்களுக்கு எந்த இடம்?


ரஸ்தா ரசிகன், தேவகோட்டை

மேலே எழுதியவர் படத்தைத் தப்பாகப் பிடித்திருக்கிறார். அவன் டாக்ஸியில் ஏறாதது குற்றமே இல்லை. முதல் நாள் அவனுக்கு என்ன தெரியும்? விபத்து வரும் என்று தெரிந்தா நின்றான்? இரண்டாவது நாள் தெரிந்துகொண்டே ஏறுகிறானே, அங்கேதான் படம் இருக்கிறது. அவளை ரயிலில் ஏற்றி ஊரைவிட்டே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தான், ஆனாலும் முதல் நாள் நடந்ததெல்லாம் வேறு வேறு வழியில் வந்து சேர்கிறது. விதியைத் தள்ள முடியாது என்று தெரிந்த பிறகு அவளுக்குப் பதிலாகத் தானே சாகிறான், அவ்வளவுதான். கணக்கில் ஒரு உயிர் ஒரு உயிராகவே இருக்கிறது. இதைப் போய் ‘மாநாடு’ மாதிரி என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அதில் சிம்பு எத்தனை தடவை செத்துச் செத்துப் பிழைக்கிறார்! இங்கே ஒரே ஒரு மறுவாய்ப்பு.

என் அனுபவம் என்றால், கல்யாணமாகி இரண்டாவது வருட நாளன்று வீட்டுக்காரியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டாள். கடைசியில் நான் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் எழுந்து, “செத்துட்டானா? சரி, தோசை ஊத்தவா?” என்றாள்.

ஏழு வருடமாகிறது. இப்போதும் நான் எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவள் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.


கொத்தமங்கலம் ஆச்சி

நான் சொல்ல மகள் தட்டுகிறாள். படத்தை அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். தேவகோட்டைத் தம்பி கணக்கெல்லாம் சரியாகத்தான் போடுகிறார். எனக்குக் கணக்கு வேறு.

பிள்ளையார் நோன்பு எடுக்கிறவர்களுக்குத் தெரியும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், கோடித் துணியிலிருந்து நாளுக்கு ஒரு இழை. கடைசி நாள் அத்தனையும் சேர்த்துத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வளவில் மூத்தவர் எங்கள் வீட்டுச் செட்டியார்தான், அவர் கையால்தான் எல்லாருக்கும். அந்த வருடம் எனக்கு அவர் மேல் கோபம். இரண்டாம் கட்டுத் தேக்குத் தூண் இரண்டை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காரைக்குடியில் பழைய சாமான் வாங்குகிறவரிடம் விலை பேசிவிட்டார். என் மாமியார் சாய்ந்து உட்கார்ந்து பேரன் பேத்தியைக் கொஞ்சிய தூண். பிள்ளைகள் எல்லாம் எடுத்து முடித்தாயிற்று, என் முறை வந்தது. நான் அடுப்படியில் பணியாரம் பார்க்கிற சாக்கில், “அப்புறம் எடுத்துக்கிறேன்” என்றேன். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நிலைப்படியில் இழையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்த்தபோது சுடர் அவர் விரலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்போதும் நான் வரவில்லை. அணைந்துபோயிற்று.

அடுத்த நோன்புக்கு இழை கொடுத்தது என் கொழுந்தனார்.

தூணை அவர் கொடுக்கவே இல்லை. விலை பேசியதோடு சரி. இன்னும் அங்கேதான் நிற்கிறது.


புதுவயல் மோட்டார்

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவேன். அதனால் படத்தில் எனக்குப் பிடித்தது அந்த டாக்ஸி டிரைவர்தான். டாம் வில்கின்சன் என்ன நடிப்பு! எல்லாரும் இயன், சமந்தா என்கிறீர்கள், டிரைவரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

ஒரு தடவை ஒரு வெளிநாட்டு ஜோடியை ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடி மேல் வர்ணம் ஊற்றித் தரைக்கல் செய்வதைத் தானும் செய்து பார்க்க ஆசை. அவருக்கு விமானத்துக்கு நேரமாகிறது என்று அவசரம். திரும்பும்போது பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னல். மதுரை விமான நிலையத்தில் நான் அந்த டிரைவர் மாதிரி, “இருக்கும்போதே அருமை தெரியணும் சார்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் டிப்ஸ் கேட்கிறேன் என்று நினைத்து இருநூறு ரூபாயை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆனால் முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் பின்சீட்டில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறவர்கள் எங்கே பெல்ட் போட்டிருக்கப் போகிறார்கள்? பிரிட்டனில் 1991-லிருந்தே பெரியவர்கள் பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம். நம் ஊரிலும் உண்டு, போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். என் வண்டியில் ஏறுகிறவர்களிடம் சொன்னால், “பின்னாடிதானே அண்ணே” என்கிறார்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருக்கிறவர் மோதும்போது முன்சீட்டுக்காரர் முதுகில்தான் போய் விழுவார், இருவருக்கும் அடி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பெல்ட்டைச் சுற்றிப் போடவே கூடாது, உங்கள் எடை முழுக்கக் குழந்தை மேல் இறங்கும். சீட் கவர் தைக்கிறவர்கள் பெல்ட் கொக்கியை உள்ளே தள்ளி மூடிவிடுகிறார்கள், வண்டியை எடுக்கும்போதே பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்தால் நேராக்கிப் போடுங்கள். ராத்திரி திருப்பத்தூர் பக்கம் போகிறவர்கள் மாடு குறுக்கே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கானாடுகாத்தான் தங்கச்சி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: சிங்கப்பூர்க்காரருக்கு மெசேஜ் எதுவும் போட்டுவிடாதீர்கள்.


ரஸ்தா ரசிகன், தேவகோட்டை

காதல் படத்துக்கு பெல்ட் விளம்பரமா அண்ணே! இயன் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் விதி வேறு வழியில் வந்திருக்கும், அதைத்தானே ஒன்றரை மணி நேரமாகச் சொல்கிறார்கள். அப்புறம் அந்த டிரைவர் சாதாரண டிரைவர் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்த ஆள் வந்தது எச்சரிக்கை சொல்ல.


புதுவயல் மோட்டார்

எச்சரிக்கை சொல்ல வந்தவர் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்கலாம்.


கொத்தமங்கலம் ஆச்சி

சண்டை போடாதீர்கள். வளவுக்காரி ஆத்தா, அந்தச் சீப்புச் சீடையை என்ன செய்தாய்?


வளவுக்காரி, கானாடுகாத்தான்

அம்மாவிடம் ரயிலைத் தவறவிட்டேன் என்று பொய் சொன்னேன் ஆச்சி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தார். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகத் தின்றோம். கொஞ்சம் உப்பு கூட.