கன்ட்ரோல் பேசுறது எங்களுக்கு கேக்குது, நாங்க பேசுறது அங்க கேக்கல: வாக்கி டாக்கி உதவி வேணும்

கேள்வி:
வணக்கம் மக்களே. ஒரு பெரிய ஓட்டப்பந்தயத்துக்கு எங்க தன்னார்வ முதலுதவி டீம் நிக்கப்போகுது. ஆளுக்கு ஒரு யூஎச்எஃப் (ஒரு வகை ரேடியோ அலைவரிசை) வாக்கி டாக்கி செட், 4 வாட், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி திருப்பி அனுப்புற நடு ஸ்டேஷன்) கிடையாது, செட்டுக்கு செட்டு நேரடியா தான். ஒத்திகை பாத்தப்ப, முடிவுக்கோட்டுல நிக்கிற ரெண்டு பேருக்கு கன்ட்ரோல் டேபிள் பேசுறது தெளிவா கேக்குது, ஆனா அவங்க பேசுனா டேபிள் செட்ல லைட் மட்டும் எரியுது, சத்தமே வரல. பேட்டரி ஃபுல், ஆன்டெனாவும் மாத்தியாச்சு. யாராவது மயங்கி விழுந்து டிஃபிப் (இதயத்துக்கு ஷாக் குடுக்குற மெஷின்) கொண்டு வாங்கன்னு கத்தும்போது இப்படி ஆனா என்ன பண்றது, நினைச்சாலே தூக்கம் வரல. வாட் கூடுன செட் வாங்கணுமா?

பதில் 1:
வாங்காதீங்க, வாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. லைட் எரியுதுன்னா சிக்னல் வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம், செட் தான் ஸ்பீக்கரை திறக்க மாட்டேங்குது. டேபிள் செட்ல மானிட்டர் பட்டனை (ஸ்பீக்கரை வலுக்கட்டாயமா திறக்குறது) அமுக்கி பிடிச்சுக்கிட்டு அவங்கள பேச சொல்லுங்க. கேட்டுச்சுன்னா டோன் பிரச்சினை தான் (சிடிசிஎஸ்எஸ், அதாவது குரலோட சேந்து போற ஒரு தாழ்ந்த ஒலி, அது பொருந்துனா தான் வாங்குற செட் ஸ்பீக்கரை திறக்கும்). அனுப்புற டோன் வேற, வாங்குற டோன் வேற, ரெண்டையும் தனித்தனியா செட் பண்ணணும். டேபிள்ல வாங்குற டோன் 88.5 ஹெர்ட்ஸ்னு இருந்து, அவங்க செட்ல அனுப்புற டோன் ஆஃப்ல இருந்தா நீங்க சொல்ற மாதிரியே தான் ஆகும். கையால ஒவ்வொண்ணா மாத்தாம, சரியா வேலை செய்ற ஒரு செட்டோட செட்டிங்ஸ் ஃபைலை கேபிள் போட்டு அதே மாடல் செட் எல்லாத்துக்கும் ஏத்திடுங்க.

கேட்டவர்:
அண்ணா, மானிட்டர் அமுக்குனதும் கேட்டுச்சு! அந்த ரெண்டுலயும் அனுப்புற டோன் காலியா தான் இருந்துச்சு, சரி பண்ணியாச்சு, ரொம்ப நன்றி. ஆனா இப்ப முதல் வார்த்தை வெட்டுப்படுது, அப்புறம் கடன் வாங்குன வேற மாடல் செட்ல பேசுனா சத்தம் ரொம்ப கம்மியா வருது.

பதில் 2:
வெட்டுப்படுறதுக்கு காரணம், அந்தப் பக்க செட் டோனை கண்டுபிடிச்சு ஸ்பீக்கர் திறக்க கொஞ்சம் நேரம் ஆகும். பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேசுங்க. சத்தம் கம்மிக்கு பேண்ட்விட்த் (ஒரு சேனலோட அகலம்) பாருங்க, அந்த செட் 12.5 கிலோஹெர்ட்ஸ்ல அனுப்பி மத்தது 25ல வாங்குனா குரல் அமுங்கி தான் வரும், எல்லாத்தையும் ஒண்ணாக்குங்க. டைம்அவுட் டைமரை (ரொம்ப நேரம் பட்டன் அமுங்கியிருந்தா அனுப்புறதை தானா நிறுத்துறது) 60 செகண்ட் வைங்க, ஏன்னா பட்டன் அமுங்குனபடியே ஒருத்தர் உக்காந்துட்டா மொத்த சேனலும் செத்துரும், அதுவும் தன் செட் தான் காரணம்னு அவருக்கே தெரியாது. பிஸி சேனல் லாக்அவுட் (வேற யாராவது பேசிட்டிருந்தா நம்மள அனுப்ப விடாத செட்டிங்) இருந்தா ஆஃப் பண்ணிருங்க, அவசரத்துல கூப்பிடுறவரை மெஷின் தடுக்கக்கூடாது.

பதில் 3:
நானும் இந்த மாதிரி டீம்ல நிக்கிற ஆள் தான். வெறும் மைதானத்துல டெஸ்ட் பண்ணி நம்பிடாதீங்க, மனுஷ உடம்பு யூஎச்எஃப் சிக்னலை நல்லாவே உறிஞ்சும். செட்டை இடுப்புல மாட்டிட்டு ஸ்பீக்கர் மைக்ல பேசுனா ஆன்டெனா உடம்போட ஒட்டிக்கிடக்கும், எட்டலன்னா கையில எடுத்து முகத்துக்கு நேரா நிமித்தி பிடிச்சு பேசுங்க. 4 வாட்டை 8 ஆக்குனா கிடைக்கிறது 3 டெசிபெல் (சிக்னல் பலத்தோட அளவு) தான், கன்ட்ரோல் ஆன்டெனாவை உயரத்துல வச்சா அதைவிட எவ்வளவோ மேல். பாட்டு ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறவருக்கு இயர்பீஸ் கட்டாயம்.

பேசுற முறைய முன்னாடியே பழகிக்கோங்க. முதல்ல எந்த இடம்னு சொல்லணும், அப்புறம் என்ன ஆச்சு, என்ன வேணும். பாதியில சிக்னல் போனாலும் இடம் தெரிஞ்சா ஆள் ஓடிரலாம். கன்ட்ரோல் அதை திருப்பி சொல்லணும், அவசர கால் போகும்போது மத்தவங்க மூச்சு விடக்கூடாது. நோயாளி பேரை மட்டும் சொல்லவே சொல்லாதீங்க, டோன் போட்டிருக்கோம்ல, வெளிய யாருக்கும் கேக்காதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, அந்த அலைவரிசைக்கு வர்ற யாருக்கும் கேக்கும்.

கேட்டவர்:
கன்ட்ரோலை பக்கத்து கட்டட மாடிக்கு மாத்த பேசிட்டோம். பேண்ட்விட்த் பாத்தேன், நீங்க சொன்னதே தான். அலைவரிசைக்கு லைசன்ஸ் நிகழ்ச்சி நடத்துறவங்க பேர்ல தான் இருக்கு, நாங்களும் அதுல வர்றோமான்னு எழுத்துல கேட்டிருக்கேன்.

பதில் 1:
ரொம்ப நல்லது தம்பி. அந்த கடிதத்தோட ஒரு காப்பியை கன்ட்ரோல் டேபிள்லயே வச்சுக்கோங்க. ஸ்பேர் பேட்டரி சார்ஜ் பண்ண ஒரு ஆளை போட்டுருங்க, அன்னைக்கு அவருக்கு வேற வேலை குடுக்காதீங்க.