புதுப்பிப்பு: அம்மாவின் கூறைப் புடவை

பெற்றோரின் 50ஆம் திருமண நாளுக்கு என்ன நினைவுப்பொருள் தரலாம் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். புதிதாக எதையும் வாங்காமல், அம்மாவின் கூறைப் புடவையையே செப்பனிட்டுத் தருமாறு நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

மயிலாடுதுறைக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த அந்தப் புடவை, மடிப்புகளில் இழைவிட்டு, சரிகை கறுத்திருந்தது. சரிகையின் வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்தால் மேலுள்ள பொன்முலாமும் போய்விடும் என்பதால், அதைத் தொடாமல், இழைவிட்ட இடங்களுக்கு மட்டும் உட்புறம் மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்து, பழைய மடிப்புகளைத் தவிர்த்து மல் துணியில் சுற்றினோம்.

இத்தனை ஆண்டுகளாக அதை அவ்வப்போது எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தவர் அப்பாதான் என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். முழங்கால் வலியால் அவர் அதை எடுக்கப் பரணில் ஏற முடியாமற் போன இரண்டு ஆண்டுகளில்தான் இந்தச் சேதம் நேர்ந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிய செய்தி. புடவையைக் கொடுத்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் அதைப் பிரித்து, மறுமுனையை அம்மா பிடித்துக்கொள்ள, இருவருமாக மீண்டும் மடித்தார்கள். இப்போது அது கைக்கெட்டும் கீழ்த்தட்டில் இருக்கிறது.