லென்ஸின் உள்ளே படிந்த ஈரம் போகவில்லை: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கிர்கிஸ்தானில் முதுகுப்பையுடன் தனியாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறேன். என்னிடமுள்ள ஒரே லென்ஸின் உட்கண்ணாடியில் ஈரம் படிந்து, நான்கு நாள்களாகியும் அகலவில்லை. அது 18-55 மி.மீ. ஜூம், ஆறாண்டுப் பழையது, நீர்க்காப்பு இல்லாதது.

3,016 மீட்டர் உயரத்திலுள்ள சோங்-கோல் ஏரிக்கரையில், விண்மீன்களைப் படமெடுப்பதற்காக உறைகுளிரில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, வறட்டி அடுப்பும் கொதிக்கும் தேநீருமாக வெதுவெதுப்பாக இருந்த யூர்ட் கூடாரத்துக்குள் கேமராவைப் பையில் மூடாமல் அப்படியே எடுத்துச் சென்றதுதான் காரணம். தவறு என்னுடையதே, "பையை மூடு" என்று சொல்ல உடன் ஒருவரும் இல்லை.

வெளிக்கண்ணாடி தெளிவாக இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணய அளவில் வெண்படலம் தெரிகிறது. நண்பகலில் சுருங்கி, மாலையில் மீண்டும் விரிகிறது. படங்களின் நடுப்பகுதி பால் கலந்ததுபோல் வெளிறுகிறது. ஆட்டோஃபோகஸில் குறையில்லை.

காற்றுப்புகாத உறையில் ஈரத்தை உறிஞ்சும் நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இரண்டு நாள் வைத்தேன். மூடிகளைக் கழற்றி இளவெயிலில் அரை மணி நேரம் காட்டினேன். அரிசிக்குள் புதைக்குமாறு விடுதிக்காரர் சொன்னார். தூசி உள்ளே போய்விடும் என்று அஞ்சித் தவிர்த்துவிட்டேன்.

இப்போது கொச்கோரில் இருக்கிறேன். பழுதுபார்க்கும் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. மூன்று நாளில் கராக்கோல் சென்று ஆலா-கோல் ஏரிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். சிறு ஸ்க்ரூடிரைவர் கைவசம் உள்ளது.

லென்ஸின் பின்தகட்டை நானே கழற்றி உலர்த்தலாமா, அல்லது தலைநகர் பிஷ்கெக் திரும்பும்வரை தொடாமல் சிலிக்கா ஜெல்லிலேயே வைத்திருப்பது நல்லதா?