முதலாம் வருடப் பிள்ளையளுக்கு வளாகத்தில உள்ள உதவியளை எப்பிடிச் சேர்ப்பிக்கிறது?

புதுவிரிவுரை
வணக்கம். யாழ்ப்பாணத்தில முதலாம் வருடத்துக்கு 3 கிரெடிற் பௌதிகப் பாடம், ஆங்கில மூலம், 140 பேர். கனபேர் உயர்தரம் தமிழில படிச்சவை, ஒரு பகுதி சிங்களத்தில. முதல் இன்கோர்ஸில (பருவ நடுவில வைக்கிற மதிப்பீடு) 52 பேர் 40க்குக் கீழ. ஆங்கில வகுப்பு, நூலகம், மாணவர் ஆலோசகர் எல்லாம் இருக்குது. "போய்ப் பாருங்கோ" எண்டால் ஒருத்தரும் போகினமில்லை. இதுக்குள்ள "மூடிலில ஒப்படை போட்டிட்டம் சேர்" எண்டுகினம், அந்த இணையக் கற்றல் தளத்தில பார்த்தால் ஒண்டுமில்லை. எதில இருந்து தொடங்கலாம்?

ஆய்வுகூடம்7
முதல்ல அந்த 52 விடைத்தாளையும் மூண்டு அடுக்காப் பிரியுங்கோ. கேள்வி விளங்காமல் வேற எதுக்கோ விடை எழுதினது, கேள்வி விளங்கியும் கணக்கு வராதது, பாதியில நிண்டது. முதல் அடுக்குக்கு மேலதிக பௌதிக வகுப்பு வைச்சுப் பிரயோசனமில்லை. இரண்டாவதுக்கு ஆங்கில வகுப்பால பிரயோசனமில்லை. சந்தேகமான ஆக்களுக்கு அதே கேள்வியை, இலக்கத்தை மட்டும் மாத்தி, தமிழிலயும் சிங்களத்திலயும் அரைப் பக்கத்தில குடுத்து 10 நிமிசம் விடுங்கோ. செய்துபோட்டால் பிரச்சினை மொழிதான்.

ஆங்கிலம் படிப்பிக்கிற அலகுக்குச் சும்மா பிள்ளையளை அனுப்பாதேங்கோ. பழைய வினாத்தாள் மூண்டும் உங்கட குறிப்பில நாலு பக்கமும் கொண்டுபோய்க் குடுங்கோ. இல்லாட்டி அங்க பொது இலக்கணம்தான் நடக்கும். எங்கட பிள்ளையள் விழுறது இலக்கணத்தில இல்லை, 'ஸ்டேட்' (கூறு), 'டிரைவ்' (derive, படிப்படியாப் பெறு), 'ஹென்ஸ்' (இதிலிருந்து) மாதிரிச் சொல்லில. 'ஸ்டேட்' எண்டால் ஒரு வரி காணும். அதுக்கு அரைப் பக்கம் எழுதிப்போட்டு, 'டிரைவ்' எண்ட இடத்தில சமன்பாட்டை மட்டும் எழுதி விடுகினம்.

அலகுக்கு 25, 30 சொல் வாற மாதிரி மூண்டு நிரல் பட்டியல் ஒண்டும் போடுங்கோ: ஆங்கிலம், தமிழ், சிங்களம். வகுப்பில தமிழில மட்டும் விளக்கினால் சிங்களப் பிள்ளையள் வெளியில நிப்பினம், அதுக்குத்தான் மூண்டாவது நிரல். தமிழ்ச் சொல்லை உயர்தரப் பாடநூலில இருந்தோ அரசகரும மொழித் திணைக்களத்தின்ர கலைச்சொற்றொகுதியில இருந்தோ எடுங்கோ. யூரியூப்பில இருந்து எடுக்காதேங்கோ. நாங்கள் 'திணிவு' எண்டிறதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'நிறை' எண்டும், நாங்கள் 'நிறை' எண்டிறதை அவை 'எடை' எண்டும் எழுதுகினம். ஆர்முடுகல் அங்க முடுக்கம். நிறை கேட்ட இடத்தில ஈர்வை ஆர்முடுகலால பெருக்காமல் கிலோகிராமில விடை வந்தால், பிள்ளை எந்தக் காணொளி பார்த்தது எண்டும் ஒருக்காக் கேளுங்கோ.

நேரக் கணக்கையும் சொல்லிக் குடுங்கோ. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில ஒரு கிரெடிற் எண்டால் 50 கற்றல் மணித்தியாலம். 3 கிரெடிற்றுக்கு 150. விரிவுரை 45 போக மிச்சம் 105, அதை 15 கிழமைக்குப் பிரிச்சால் கிழமைக்கு 7 மணித்தியாலம், ஒரு பாடத்துக்கு மட்டும். இதை முதல் கிழமையே ஒருத்தரும் சொல்லாததால 45 மணித்தியாலம்தான் பாடம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்குதுகள்.

இரண்டாம் வருடப் பிள்ளையளைக் கொண்டு சின்னக் குழு நடத்திறதெண்டால் ஒரு குழுவுக்கு 6 தொடக்கம் 8 பேர். பின்னேரம் 4 மணிக்கு வைக்காதேங்கோ, வடமராட்சி, தீவகம் போற பிள்ளைக்குக் கண் பஸ்சிலதான் இருக்கும். வெள்ளி மத்தியானமும் வேண்டாம், ஜும்ஆ. நேரசூசியில இரண்டு விரிவுரைக்கு நடுவில வாற வெறும் மணித்தியாலம்தான் சரி. வந்தால் புள்ளி தாறன் எண்டும் சொல்லேலாது, மதிப்பீட்டுப் பங்கு அங்கீகரிச்சது, நடுவில மாத்தேலாது. அதுக்குப் பதிலா, திருத்தி எழுதின விடையோடதான் அடுத்த ரியூட்டோரியலுக்கு வரவேணும் எண்டு வையுங்கோ. எழுத வழி தேடித் தானா வருவினம்.

மூடில்கை
"போட்டிட்டம், ஆனால் இல்லை" எண்டதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். ஒப்படை அமைப்பில 'மாணவர் சப்மிற் பொத்தானை அழுத்தவேணும்' எண்ட தெரிவு 'ஆம்' எண்டு இருக்கும். பிள்ளை கோப்பை ஏத்திச் சேமிச்சிட்டுப் போயிடும், அது டிராஃப்ற் நிலையிலயே கிடக்கும். அடுத்த ஒப்படையில இருந்து தெரிவை 'இல்லை' எண்டு வையுங்கோ. ஏற்கனவே கிடக்கிறதைப் புள்ளியிடும் பட்டியலில 'டிராஃப்ற்' எண்டு வடிகட்டிப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது, திகதி. 'டியூ டேற்' கடந்தாலும் மூடில் வாங்கும், பிந்தினது எண்டு மட்டும் குறிக்கும். உண்மையாப் பூட்டிறது 'கட் ஒஃப் டேற்'. அதைப் போடாமல் விட்டால் பரீட்சை முடிஞ்ச பிறகும் வந்துகொண்டிருக்கும். டியூவுக்கு 48 மணித்தியாலம் கழிச்சுக் கட் ஒஃப் வையுங்கோ. இரவு 12 மணி போடாதேங்கோ, எந்த நாளின்ர 12 எண்டு சண்டை வரும். 11.55 போடுங்கோ.

போனில எடுத்த படத்தை 10, 12 தனித்தனிக் கோப்பா அனுப்புவினம். கோப்பு எண்ணிக்கையை 1 எண்டும், வகையைப் பிடிஎஃப் எண்டும் கட்டுப்படுத்தினால் அது நிக்கும்.

கலைப்பீடத்தில_இருந்து
இடையில ஒரு கேள்வி. எங்கட பிள்ளையளின்ர தமிழ் ஆய்வுக்கட்டுரையை, பார்த்து எழுதினதைக் கண்டுபிடிக்கிற டேர்னிற்றின் மென்பொருளில போட்டால் 0 வீதம் காட்டுது. பார்த்து எழுதினது எண்டு கண்ணுக்கே தெரியுது. தமிழுக்கு வேலை செய்யாதோ?

நூலகமூலை
முதலில் எழுத்துருவைப் பாருங்கள், பாமினி என்ற பழைய எழுத்துருவாகத்தான் இருக்கும். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளியாகக் கிடக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோட்) உள்ள மூலத்துடன் அது எப்படிப் பொருந்தும்? இதே காரணத்தால்தான் பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு என்விடிஏ திரைவாசிப்பானும் உங்கள் பாமினிக் குறிப்பை வாசிக்காமல் ஏதோ உளறுகிறது. ஒருங்குறியில் கொடுத்தால் ஈஸ்பீக் தமிழ்க் குரலில் வாசிக்கும். குரல் இனிமையானதல்ல, ஆனால் இலவசம்.

பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றியில் முழுக் கட்டுரையையும் ஒரேயடியாகப் போடவேண்டாம். நடுவில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் உசாத்துணைப் பட்டியலையும் அது தமிழாக நினைத்துச் சிதைத்துவிடும். பாமினிப் பகுதியை மட்டும் துண்டுதுண்டாக மாற்றுங்கள். புதிதாகத் தட்டுபவர்கள் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் பாமினி விசைப்பலகை ஒழுங்கிலேயே ஒருங்குறி வரும். விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் உள்ள ஈழத்து நூல்கள், சஞ்சிகைகளிலிருந்து எடுத்ததை டேர்னிற்றினை நம்பிப் பிடிக்கமுடியாது. அங்குள்ளவற்றில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். சந்தேகப் பந்தியை நீங்களே திறந்து ஒப்பிடவேண்டும்.

இன்னொன்று. வரைவைப் பார்க்கவென்று ஒப்படைப் பெட்டி திறந்தால் டேர்னிற்றினின் களஞ்சியத் தெரிவில் 'நோ ரிப்போசிற்றறி' (களஞ்சியத்தில் சேமிக்காதே) வையுங்கள். இல்லாவிட்டால் முடிவுப் பிரதி தன் சொந்த வரைவுடனேயே பொருந்தி மிகக் கூடிய வீதம் காட்டலாம், பிள்ளை பயந்துவிடும். ஒரே பெட்டியில் மூன்று முறைக்கு மேல் மீண்டும் போட்டால் அடுத்த அறிக்கைக்கு 24 மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். கடைசி நாளில் இதனால்தான் அழுகை.

உசாத்துணைகளை ஒழுங்குபடுத்தும் சொட்டேரோ மென்பொருளைப் பழக்குவதானால் தமிழ்ப் பெயர்களை ஒற்றைப் புலத்தில் போடச் சொல்லுங்கள். இரண்டு புலத்தில் போட்டால் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, பட்டியலில் தகப்பன் பெயரில் வரிசைப்படும்.

ஆய்வுகூடம்7
ஆலோசகர் விசயம் விடுபட்டுப் போச்சு. 80 வீத வரவு எண்டால் 45இல 36 மணித்தியாலம். கிழமைக்கு 3 மணித்தியாலப் பாடத்தில மூண்டு கிழமை தாங்கும், நாலாவதில பரீட்சைத் தகுதி போயிடும். அதால இரண்டு கிழமை காணாட்டியே பிடியுங்கோ. "ஆலோசகரிட்டப் போ" எண்டு விடாமல், பிள்ளையிட்டக் கேட்டு, அந்தப் பிள்ளை பார்க்கவே போன் எடுத்து நேரம் வாங்கிக் குடுங்கோ. காரணத்தைத் துறை முழுக்கப் போற மின்னஞ்சலில எழுதாதேங்கோ. மருத்துவச் சான்றிதழ் உங்கட கையில தந்தால் வாங்காதேங்கோ. அது பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி ஊடாப் பீடத்துக்குப் போகவேணும், உங்கட மேசையில கிடந்தால் எங்கயும் பதிவாகாது.

கலைப்பீடத்தில_இருந்து
பாமினிதான்! மாத்திப் போட 0 இருந்தது 43 ஆச்சு. வரைவை நோ ரிப்போசிற்றறியில போட்டால் அடுத்த வருடப் பிள்ளையள் இதைப் பார்த்து எழுதினால் பிடிபடாதே?

நூலகமூலை
வரைவுக்கு மட்டும்தான் அது. முடிவுப் பிரதிக்கு வேறு பெட்டி திறந்து 'ஸ்டாண்டர்ட்' களஞ்சியத்தில் போடுங்கள். 43ஐ அப்படியே எடுக்கவும் வேண்டாம், உசாத்துணைப் பட்டியலையும் மேற்கோளையும் விலக்கும் தெரிவைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.